நீர்க்காகம்

"இந்த ஒரு கருநாரையைப் பாத்துட்டேன்னா போதும், சிந்தாமணி. அப்புறம் கண்மாய்ப் பக்கமே வர மாட்டேன். முட்டி ரெண்டும் போச்சு" என்றாள் எஸ்தர், கரையில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டே.

"வருஷா வருஷம் இதையேதான் சொல்றே."

"இந்த வருஷம் நிஜமாத்தான்."

சிந்தாமணி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். எஸ்தரை விட்டால் அவளோடு பறவை பார்க்க வர வேறு ஆள் கிடையாது. அப்போதுதான் நாணல் ஓரத்தில் அந்தக் கருநாரையைப் பார்த்தாள். கருத்த கழுத்து, வெள்ளை வயிறு, நீண்டு சிவந்த அலகு, அதே சிவப்பில் நெடுங்கால்கள். எஸ்தரிடம் சொல்லாமலே அவளை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம். ஆனால் இரண்டு பேரும் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம் என்பது அவர்களுக்குள் வழக்கம். கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி நீட்டினாள்.

"நாணலுக்கு இந்தப் பக்கம் பாரு."

எஸ்தர் வெகுநேரம் பார்த்தாள்.

"நீர்க்காகம்டி. தினம் பாக்குறதுதான்."

"காலைப் பாத்தியா? சிவப்பா இல்ல?"

"பாத்தேன். நீர்க்காகம்தான். அடுத்த வருஷம் பாக்கலாம்."

பைனாகுலரை மட்டும் அவள் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.