தினம் ஒரு சொல்

"மறுபடியும் அதே சொல்லா?" நூலகத்து அகராதியம்மாவுக்குப் பொறுமை பறந்தது.

எதிர்க்கடை சலூன்காரர் தலையைச் சொறிந்தார். ஊரார் தலையையெல்லாம் பார்த்த கை, இன்று சொந்தத் தலையில்.

"மறந்துபோச்சும்மா. இந்த 'நைஸ்' எங்கே பொறந்துச்சுன்னு சொன்னீங்க?"

நாலாவது தடவை!

அம்மா மேசைமேல் கிடந்த பதிவேட்டைப் பார்த்தார். சொல் விளக்க மேசைக்குத் தினம் ஒருத்தராவது வந்து கேட்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு நாள் பதிவேடு காலியாகக் கிடந்தாலும் மேசையை எடுத்துவிட்டு, அம்மாவைப் பழைய பேப்பர் கிடங்குக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடம் வாசலிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு அதிகாரி வருகிறார்.

நல்ல வேளை, நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே ஊருக்கு அறிவுப் பசி எடுத்துவிட்டது. குழாய் ரிப்பேர்காரர் கழுத்தெல்லாம் பவுடரோடு வந்தார். 'பிளம்பர்' ஈயத்துக்கான லத்தீன் பெயரில் பிறந்த சொல் என்று தெரிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். பஸ் டிரைவர், பூட்டுக்காரர், ஒரு கல்யாண மாப்பிள்ளைகூட வந்தார். தினம் ஒரு ஆள், ஒரு சொல். நடுநடுவே இந்த மனுஷன் மட்டும் 'நைஸ்', 'நைஸ்'!

"கடைசித் தடவையா சொல்றேன். லத்தீன்ல 'ஒண்ணும் தெரியாதவன்'. இங்கிலீஷுக்கு வந்தப்போ 'முட்டாள்'. அப்புறம் தொட்டதுக்கெல்லாம் நொட்டை சொல்றவன், அப்புறம் நுணுக்கமானது. கடைசியிலதான் இனிமையான ஆளு."

"முட்டாள் இனிமையான ஆளா மாற எத்தனை வருஷமாச்சு?"

"நானூறு, ஐந்நூறு."

"அப்ப என் மச்சானுக்கு இன்னும் டைம் இருக்கு."

அம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டு பேனாவை மூடினார். "இதைப் பதிவேட்டுல எழுத மாட்டேன். ஒரே ஆள், ஒரே சொல், நாலு தடவைன்னா நானே ஜோடிச்சதுன்னு அதிகாரி நினைப்பார். மணி நாலே முக்கால்தானே, வேற யாராவது வருவாங்க."

சலூன்காரர் பதிவேட்டை அம்மா பக்கம் நகர்த்தினார். "எழுதிடுங்கம்மா. இன்னைக்கு யாரும் வரமாட்டாங்க."

"அது உங்களுக்கெப்படித் தெரியும்?"

அவர் ஜன்னல் வழியாகத் தன் கடையின் மூன்று காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"விடிஞ்சதுலேர்ந்து கடைக்கு ஒரு தலைகூட வரலைம்மா. வந்திருந்தா, வழக்கம்போல கிராப்பை முடிச்சு, காதுல ஒரு சொல்லையும் போட்டு, இங்கே அனுப்பியிருக்க மாட்டேனா?"