வீசாத கை

"இத பாரு அம்முணி, ஓட்டம் தானா வந்தா இப்படித்தான் கோணலா வரும். ஒருத்தர் சொல்லிக் குடுக்கோணும்," என்றான் கந்தப்பன்.

கட்டபெட்டுப் பக்கத்து எஸ்டேட் பெண்களை ஊட்டி ஓட்டப் போட்டிக்குத் தயார் செய்ய வந்தவன் அவன். சிலோனிலிருந்து வந்து கொழுந்து பறிக்கும் சின்னம்மையை எவளாலும் முந்த முடியவில்லை. ஆனால் ஓடும்போது அவளுடைய இடது கை மட்டும் வீசாது, நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

"கையில ஏதாச்சும் அடியா?"

"இல்லீங்க அண்ணே."

ஒரு மாதம் பாடுபட்டு அந்தக் கையை வீச வைத்தான். போட்டியன்று பாதித் தூரம் அழகாகத்தான் ஓடினாள். பின்னால் வந்தவர்களின் காலடிச் சத்தம் நெருங்கியதும் கை பழையபடி மடங்கிக்கொண்டது. அப்படியே ஓடி முதலாவதாக வந்தாள்.

கந்தப்பனுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. "நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் எங்க போச்சு?"

"முன்னமே ஒருத்தர் சொல்லிக் குடுத்துட்டாங்க அண்ணே. அதுதான் முந்திக்கிட்டு வருது."

"எந்த மடையன் அவன்?"

"எங்கம்மா." அவள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள். "சிலோன் கலவரத்துல நாங்க குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வச்சப்போ அவன் கைப்பிள்ளை. அவன என் நெஞ்சோட சேத்து அழுத்தி, 'இந்தக் கையை மட்டும் எடுத்துறாத, ஓடு, நான் பின்னாலயே வர்றேன்'னாங்க."

கந்தப்பனின் குரல் இறங்கிவிட்டது. "வந்தாங்களா?"

"வரல. நான் ரொம்ப வேகமா ஓடிட்டேன் அண்ணே."