தரையில் நிற்கிற வரைக்கும்

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கப் போறேன். இனிமே இதைப் பத்தி ஒரு பேச்சும் கிடையாது!"

சொல்லிவிட்டு அவன் வாஷிங் மெஷினைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான்.

பதினாறு வயசு மெஷின். துவைக்கிற வரைக்கும் பரம சாது. பிழிய ஆரம்பித்தால் போதும், தடதடவென்று ஆடி, தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிக்கொண்டு சமையலறை வாசல் வரை நடந்தே வந்துவிடும். அதை அடக்க இரண்டு ஆள் வேண்டும்.

"என் இடுப்பு போச்சுடா" என்று அம்மா தினமும் அவனிடம் புலம்புவாள்.

"என் தோள்பட்டையே கழண்டுடுச்சுங்க" என்று மனைவி தனியாகப் புலம்புவாள்.

தனியாகத்தான். இருவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாம் ஓர் இஸ்திரிப் பெட்டியால் வந்த வினை. சூடு ஏறாத அந்தப் பெட்டியை மனைவி பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டாள். "ஒயரை மாத்தியிருந்தா ஓடியிருக்குமே!" என்று அம்மா குதித்தாள். குதித்ததோடு விட்டாளா?

"என் கால் இந்த வீட்டுத் தரையில நிக்கிற வரைக்கும் உன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது சத்தியம்!"

"எனக்கும் அதே சத்தியம்தான்" என்றாள் மனைவி, கொஞ்சமும் சளைக்காமல்.

அவனுக்கு வேலை டெலிபோன் ஆபீசில். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான்.

"உப்பு தீர்ந்துபோச்சுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா."

"நேத்தே வாங்கியாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லுங்க."

மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இருப்பவனுக்குச் சோறு இறங்காது. என்றைக்காவது இந்த வீடு பழையபடி ஆகிவிடாதா என்று அவன் ஏங்காத நாள் இல்லை.

மெஷினுக்கு அடியில் தலையை விட்டிருந்த மெக்கானிக் ஒருவழியாக எழுந்தார்.

"மோட்டார் கல்லு மாதிரி இருக்கு சார். இன்னும் பத்து வருஷம் தாராளமா ஓடும். ஆடுறதால அதுக்கு ஒண்ணும் ஆகிடாது. ஆனா நாலு காலுக்கும் நாலு ரப்பர் மாட்டிட்டுப் போனேனே, அதுல ரெண்டு எங்க?"

"எலி" என்றாள் அம்மா.

"எலிதான்" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்து.

"ரப்பரை மட்டும் தூக்கிட்டுப் போற எலியா? லேசாச் சாய்ச்சா கையோட வந்துடும் சார், யாராவது..."

"எலின்னு சொல்றேன்ல!" என்று அம்மா அதட்டினாள்.

மெக்கானிக் பையை மூடினார். "இந்த மாடலுக்கு இப்போ ரப்பர் வர்றதில்ல. தேடிப் பாருங்க. கிடைச்சா மாட்டிடுங்க, அப்புறம் ஒரு இஞ்ச் நகராது. கிடைக்கலேன்னா உங்க இஷ்டம்."

அவர் போனதும் அம்மா ஆரம்பித்தாள்.

"புதுசு எதுக்குடா? இது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு."

"அதானே! பதினாறு வருஷமெல்லாம் ஒரு வயசா?" என்றாள் மனைவி.

எட்டு மாதத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே கட்சி! அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு போகலாம், தோள்பட்டை போகலாம், பழைய மெஷின் மட்டும் போகக்கூடாதா? கஞ்சத்தனத்தில் மட்டும் எப்படித்தான் ஒற்றுமை வருகிறதோ!

அறைக்குள் போய் உட்கார்ந்து செல்போனில் புது மெஷின் பார்த்தான். சத்தமே வராத ரகம். வாங்குகிற பட்டனை அழுத்தப் போனபோது பின்கட்டில் தடதடவென்று சத்தம் கிளம்பியது.

"கிளம்பிடுச்சு!" என்று அம்மா பொதுவாக ஒரு குரல் கொடுத்தாள். மனைவி ஓடுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் கேட்டது சிரிப்புச் சத்தம்.

அவன் மெல்லப் போய் எட்டிப் பார்த்தான்.

மெஷின் மேல் இருவரும் தோளோடு தோள் உரச ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் ஆட, அவர்களும் ஆட, பேச்சும் ஆடியது.

"அ-அ-அப்புறம் எ-என்னடி சொ-சொன்னா உ-உன் தங்கச்சி?"

"அ-அதை ஏன் கே-கேக்குறீங்க அ-அ-அத்தை..."

மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அம்மா அவள் தலையில் தட்டி, கலைந்த முடியையும் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

அவன் பார்வை கீழே இறங்கியது. அவர்கள் இருவரின் நான்கு கால்களும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

சத்தியம் தரைக்குத்தானே?

அவன் சத்தம் போடாமல் திரும்பி வந்து ஹாலில் பேப்பரை விரித்துக்கொண்டான்.

மெஷின் நின்றது. கால்கள் தரைக்கு வந்தன. முகங்கள் இறுகின.

"டேய், துணியைக் காயப்போடச் சொல்லுடா உன் பொண்டாட்டிகிட்ட. அப்படியே என் கண்ணாடியை எடு."

கண்ணாடி டப்பாவைத் திறந்தான். கண்ணாடிக்கு அடியில் கறுப்பாக ஒரு ரப்பர்.

"காயப்போட்டுக்கிட்டுதான் இருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொல்லுங்க. அந்தத் துணி கிளிப் டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

அதையும் திறந்து பார்த்தான். கிளிப்புகளுக்கு அடியில் இன்னொரு ரப்பர். ஒருத்தி செய்தது இன்னொருத்திக்குத் தெரியாது என்பது மட்டும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டையும் மூடி, எதுவும் தெரியாதவன் போல உரியவர்களிடம் கொடுத்தான்.

சாப்பிட்டுவிட்டு இருவரும் ஆளுக்கொரு அறையில் கண்ணயர்ந்த நேரத்தில், பின்கட்டுக்குப் போய், மெஷினை லேசாகச் சாய்த்து, மூன்றாவது ரப்பரையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது அந்த வீட்டின் மூன்றாவது எலி.