தூங்க வைத்த லாரி

முன் டயர் இரண்டுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் ஜம்புலிங்கம் மெக்கானிக்கை லாரியின் பக்கத்தில் விட்டான்.

"சூடமும் கொளுத்திடு கன்னியப்பா. ஆள முழுங்குன வண்டி இது."

"பெட்ரோல் வண்டிகிட்ட சூடமா? வேற வெனையே வேணாம்" என்று கன்னியப்பன் பானெட்டைத் தூக்கினான்.

நசரத்பேட்டையில் அந்த லாரியைத் தெரியாதவர்கள் இல்லை. ஜம்புலிங்கத்தின் அண்ணன் வீராசாமி மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. போன மாத அடைமழையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரோட்டை விட்டு இறங்கி, வயல் சேற்றில் புதைந்து நின்றது. வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. வீராசாமி மட்டும் ஸ்டியரிங்கில் சாய்ந்து செத்துக்கிடந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். பேய் என்றது ஊர்.

"நாளைக்கு ஓசூர் லோடு. நான்தான் ஓட்டணும். இஞ்சின் ஒரு நெலையா நிக்க மாட்டேங்குது, உஸ்ஸு உஸ்ஸுன்னு சத்தம் வேற" என்றான் ஜம்புலிங்கம். காலி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்த அண்ணி வனஜாவின் தோளில் கை வைத்துச் சிரித்தான். "அண்ணன் எடத்துல இனிமே எல்லாத்துக்கும் நான்தானே அண்ணி?"

வனஜா டிரம்மின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் சாப்பிடப் போய்விட்டான்.

சத்தம் கார்பரேட்டருக்குக் கீழே இருந்த மேனிஃபோல்டிலிருந்து வந்தது. பெட்ரோலும் காற்றும் கலந்து இஞ்சினுக்குள் போகிற வார்ப்பிரும்புக் குழாய் அது. அந்தக் காலத்து வண்டிகளில் புகை வெளியேறும் குழாயும் அதன் வயிற்றோடு ஒட்டியே இருக்கும்.

கன்னியப்பன் கார்பரேட்டரைக் கழற்றி வைத்தான். துருவேறிய நட்டுகள் மண்ணெண்ணெய் ஊற்றியும் லேசில் மசியவில்லை. ஒருவழியாக மேனிஃபோல்டு கையோடு வந்ததும் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

இரண்டு குழாயும் சேருமிடத்தில் நகம் நுழைகிற விரிசல். வண்டியில் அது இருந்த இடத்திலிருந்து கிளம்பிய கரித் தடம், டிரைவர் காலடிப் பலகையின் ஓட்டையில் போய் முடிந்தது.

"தங்கச்சி, இங்க வா. உங்க ஊட்டுக்காரரைப் பேயும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல. இந்தப் புகைதான். மழைக்குக் கண்ணாடிய ஏத்தி வுட்டுகினு ஓட்டிகிறாரு. உள்ளயே தங்கி ஆளைச் சாச்சிடுச்சு."

வனஜா அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

"அவருக்கு வலிச்சிருக்குமாண்ணே?"

"இல்லம்மா. தூக்கம் வர்ற மாதிரிதான் இருந்திருக்கும்."

"வாடை தெரியாதா?"

"பெட்ரோல் வண்டின்னா எப்பவும் கொஞ்சம் வாடை கீதுதானேன்னு வுட்டுருப்பாரு."

"டாக்டருக்கே தெரியலையேண்ணே."

"அவரு வண்டியத் தொறந்தா பாத்தாரு?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பாவம், புருஷன் போன வழியைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை ராத்திரி புரண்டாளோ என்று கன்னியப்பனுக்கு மனசு கரைந்தது.

முத்தாபுதுப்பேட்டையில் பழைய மிலிட்டரி சாமான் விற்பவரிடம் வாங்கிப் போட்ட நல்ல மேனிஃபோல்டு ஒன்று ஷெட்டில் இருந்தது. கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகடு பழசாகி ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துப் புதுசு வைத்தான். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நட்டுகளை முறுக்கினான். கார்பரேட்டரை ஏற்றிச் சாவியைத் திருப்பியதும் இஞ்சின் சீராக ஓடியது. உஸ்ஸென்ற சத்தம் போன இடம் தெரியவில்லை.

வெளியே வானம் கறுத்துத் தூறல் விழுந்தது. வனஜா கையை நீட்டிப் பார்த்தாள்.

"நாளைக்கும் மழைதானாண்ணே?"

"ரேடியோல மூணு நாளைக்குன்னு சொன்னான். பெய்யட்டுமே! இனிமே உன் கொழுந்தன் கண்ணாடிய ஏத்திகினு பயமில்லாம போலாம்."

ரோட்டில் ஜம்புலிங்கத்தின் குரல் கேட்டது. குடித்திருந்தான். "அண்ணி! இன்னா, நம்ம ஊட்டுக்குப் போலாமா?"

வனஜா முந்தானையை இழுத்து இறுக்கமாகச் செருகிக்கொண்டாள். கழற்றிப் போட்ட விரிசல் குழாயைப் பார்த்தபடியே கன்னியப்பன் பக்கம் வந்து, இஞ்சின் சத்தத்துக்குள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பழசையே மாட்டிடுண்ணே."