ரோட்டெல்லாம் ஸ்னோ

டொராண்டோவில் குளிர் தொடங்கினால், ஓய்வுபெற்ற பரராசசிங்கமும் அவருடைய நண்பர் குலவீரரும் சேர்ந்தே யாழ்ப்பாணத்துக்குப் பறந்துவிடுவார்கள். பத்து வருடப் பழக்கம். இந்த முறை குலவீரர் படுக்கையில் விழுந்துவிட்டார்.

"உன்னை விட்டிட்டுப் போறன்" என்று சொல்லப் பரராசசிங்கத்துக்கு வாய் வரவில்லை. அதனால், தன் குரலிலேயே ஆட்களோடு கதைக்கும் செயற்கை நுண்ணறிவுப் பதில்குரலைப் போனில் அமர்த்திவிட்டுப் போனார். அது தினமும் நாலு மணிக்குக் குலவீரரோடு அவரைப் போலவே கதைக்க வேண்டும். வீட்டுக்கு வரச் சொன்னால் ரோட்டெல்லாம் ஸ்னோ என்று சமாளிக்க வேண்டும். கெட்ட செய்தி எதையும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பரராசசிங்கத்துக்கு அனுப்பக் கூடாது.

ஏப்ரலில் திரும்பி வந்து, "குலம் எப்பிடி?" என்று பதில்குரலிடம் கேட்டார்.

"போன கிழமை காலமாகிவிட்டார். அனுதாபம் தெரிவித்தாயிற்று" என்றது போனிலிருந்து அவருடைய குரல்.

யாழ்ப்பாண வெயிலில் கறுத்த கைகளை நீளச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மூன்று தெரு தள்ளியிருந்த அந்த வீட்டுக்குப் போனார். குலவீரரின் மனைவி புவனம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"கடைசி நாள் உங்களைப் பாக்கவேணும் எண்டு கேட்டவர், அண்ணை. நான்தான் உங்களுக்குப் போன் எடுத்தனான்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ரோட்டெல்லாம் ஸ்னோ, தங்கச்சி" என்றுதான் வந்தது.

"ஓம். அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னியள்." கோப்பையை எடுக்கச் சட்டைக்கு வெளியே நீண்ட அவருடைய கறுத்த கையையே புவனம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்டைக்கு இஞ்ச நல்ல வெய்யில், அண்ணை. இவருக்கு முகத்தில படட்டும் எண்டு யன்னலைத் திறந்துவிட்டிட்டுத்தான் உங்களோட கதைச்சனான்."