காதில் விழுந்த பாசம்

எங்கள் ஜெர்மன் மேனேஜர் வெடுக்கென்று பேசுகிற மனுஷன். நம்மவர்கள் முகம் சுண்டக் கூடாதென்று கம்பெனி எல்லோர் காதிலும் ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை மாட்டிவிட்டது. அவர் "இது குப்பை" என்பார். கருவியோ, "சாப்பிட்டுட்டு இன்னொரு தடவை பாருங்க தம்பி" என்று தமிழில் சொல்லும்.

போன மாசியில் அவர் தணிகாசலத்தை வேலையைவிட்டு நீக்கினார். அவன் காதில் விழுந்ததோ, "ரொம்ப உழைச்சுட்டீங்க, வீட்டுல ஓய்வெடுங்க, கூப்பிடுறேன்." கும்பிட்டுவிட்டுப் போனவன் எட்டு மாதமாகக் காத்திருக்கிறான்.

நேற்று வேறு கம்பெனியில் அவனுக்கு ஒரு வேலை பேசிவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். "உன்னை அன்னைக்கே தூக்கிட்டாங்கடா. வேற வேலை பேசியிருக்கேன், வா" என்றேன்.

"பொறாமைல பேசாதீங்கண்ணே. அவ்வளவு பாசமானவரை விட்டுட்டு இன்னொருத்தர்கிட்ட போய் நிக்கவா?"

அவன் மனைவி செண்பகவல்லி தெருமுனைவரை என்னோடு வந்தாள்.

"அண்ணே, அந்த வேலையை எனக்குத் தருவாங்களா?"