பிரிக்காத பொட்டலம்

அவன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பொடி கலந்த பழுப்புச் சொட்டு.

விழவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. கிருமாம்பாக்கம் மாரியம்மன் சந்நிதியில் நின்றுகொண்டு நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மனைக் கும்பிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை அவன். பெயர் ஜெகநாதன். பாரிசில் மூன்று வருஷம் அணுவைப் பற்றிப் படித்துவிட்டு, முப்பத்தாறாம் வருஷம் தை மாதம் கப்பலில் வந்து இறங்கினான். கையில் ஒரு சர்ட்டிபிகேட், மடியில் ஒரு மூக்குப்பொடி டப்பா.

அவன் தும்மினால் கடலூர் ரோட்டில் போகிற வண்டிமாடு நுகத்தடியோடு கரும்பு வயலில் இறங்கிவிடும். அவன் கைக்குட்டையைப் பிழிந்தால் பாகூர் ஏரிக்கு இன்னொரு மதகு வைக்க வேண்டும்.

பெண் பார்க்க வந்த அன்று, மூக்கைத் துடைத்த அதே கையால் அதிரசத்தை இரண்டாகப் பிட்டான். பாதியை என் பக்கம் நீட்டினான்.

இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதிரசம் தொண்டையில் இறங்குவதில்லை.

அப்பாவுக்கோ பாரிஸ் என்கிற ஒரு சொல்லே போதும். நான் மாட்டேன் என்று மூன்று நாள் பட்டினி கிடந்தேன். (சரி, ஒன்றரை நாள்.) கடைசியில் அப்பா, "நீயும் சொல்லாத, நானும் சொல்லல. ஆத்தா சொல்லட்டும்" என்று பூக்கட்டிப் பார்க்கக் கூட்டிவந்துவிட்டார்.

வெள்ளை வந்தால் வைகாசியில் கல்யாணம். சிவப்பு வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது.

பூசாரியின் தட்டில் இரண்டு பூவரசு இலைப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளரளி, மற்றதில் செவ்வரளி இருக்க வேண்டும். அதுதான் முறை.

பூசாரி தட்டைக் குலுக்கினார். மாப்பிள்ளை வாயைத் திறந்தான்.

"ஒரு நிமிஷம் மாமா. பிரிக்கிற வரைக்கும் அதுக்குள்ள செவப்பும் கிடையாது, வெள்ளையும் கிடையாது. ரெண்டும் கலந்த ஒரு நிலை. நாம பாக்குறப்பதான் ஏதோ ஒண்ணா ஆவுது."

"இன்னா தம்பி சொல்றீங்க? அப்பப் பொட்டலம் கட்டுன பொம்பளைக்குக் கண்ணு அவிஞ்சா பூட்டுது?" என்றார் பூசாரி.

ஐரோப்பாவிலும் இதே சண்டைதானாம். நிறம் முதலிலேயே உள்ளே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று ஒரு கட்சி. பார்க்காத வரைக்கும் நிறம் என்ற ஒன்றே இல்லை என்று இன்னொரு கட்சி. பெரிய பெரிய தாடிக்காரர்களெல்லாம் சாப்பாட்டை மறந்து அடித்துக்கொள்கிறார்களாம். அணுவுக்குச் சொன்னதை அரளிக்கும் சொல்லலாமா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவன் இரண்டாம் கட்சி. அதை எச்சில் தெறிக்கத் தெறிக்கச் சொன்னான். எதிரே நின்ற பூசாரியின் விபூதி கரைந்தது.

அந்த வேகத்தில் சொட்டு விழுந்தது.

பொட்டலத்தின் மேல்.

பூசாரி, கண்ணை மூடி அம்மனை நினைத்து, இருந்து இருந்து அந்த ஈரப் பொட்டலத்தையே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நக நுனியால் பிரித்தேன்.

சிவப்பு.

அப்பாவின் முகம் வற்றிப்போனது. "அந்த இன்னொண்ணையும் பிரிங்க" என்றார்.

எங்கள் ஊரில் இரண்டாவதை யாரும் பிரிப்பதில்லை. அப்படியே குளத்தில் போட்டுவிடுவார்கள்.

"தேவையே இல்ல மாமா" என்றான் ஜெகநாதன். அவனுக்குக் கல்யாணம் நின்றுபோனதே உறைக்கவில்லை போல, கண்ணெல்லாம் பாடம். "இது செவப்புன்னா அது வெள்ளை. அதைக் கப்பலேத்தி சைகோனுக்கே கொண்டு போயிருந்தாலும் இந்த நொடியே வெள்ளை. பாக்கவே வேணாம்."

"அப்பப் பிரிச்சுத்தான் காட்டுங்களேன். உங்க படிப்பையும் பாத்துடலாம்" என்றார் அப்பா.



பொட்டலம் கட்ட வேண்டியவள் என் அண்ணி. கட்ட உட்கார்ந்த நேரத்தில் அவள் கைக்குழந்தை அழுதது. அவள் எழுந்து போனாள். கட்டியவள் நான்.

வெள்ளரளிச் செடிப் பக்கமே நான் போகவில்லை.

அம்மனையே ஏமாற்றினாள் என்று தெரிந்தால் அப்பா வைகாசி வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார். வெட்கக்கேட்டை மூட அந்த வாரமே தாலி ஏறிவிடும். அந்த மூக்கோடு, அந்தக் கைக்குட்டையோடு, ஆயுசு பூராவும்.

ஜெகநாதன் பொட்டலத்தை எடுத்தான். விளக்கு வெளிச்சத்துக்குத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, நாரை அவிழ்த்தான்.

பார்த்தான்.

அவன் தொண்டை கிழியச் சொன்ன கணக்கு அவன் உள்ளங்கையிலேயே உடைந்து கிடந்தது. ஒரு வார்த்தை போதும், நான் தொலைந்தேன்.

திரும்பி என்னைப் பார்த்தான். உச்சியிலிருந்து பாதம் வரைக்கும், நிதானமாக. முதல் தடவையாக.

இலையை மறுபடி மடித்தான்.

"வெள்ளைதான் மாமா" என்றான். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்ப் பொட்டலத்தைக் குளத்தில் வீசினான்.

பாரிசில் படித்தவன் சொல்லிவிட்டான். அப்பாவுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

நான் தப்பித்தேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆனால் குளத்துப் படியில் நின்று அந்தப் பாவி ஒரு மூச்சு விட்டான் பாருங்கள். தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கிவிட்டவன்கூட அப்படி விட்டிருக்க மாட்டான்.

அப்படி என்ன குறையை ஐயா கண்டான் என்னிடம்?